தாண்டிக்குடி ஈர ஏற்றம்: எந்த மோடில் சறுக்கியது, எந்த மோடில் ஏறியது

போன நவம்பரில், தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில், அறுபது மீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு மண் ஏற்றத்தில் என் பைக் மூன்று முறை ஏற முடியாமல் நின்றது. மூன்றாவது முறை நானும் வண்டியும் சேர்ந்தே சரிந்தோம். அதே ஏற்றத்தில் அதே நாள் மத்தியானம், டயர் மாற்றாமல், எந்தப் பொருளும் வாங்கிப் போடாமல், கால் ஊன்றாமல் ஏறி முடித்தேன். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன். கை திருகலுக்கு எஞ்சின் எவ்வளவு சுறுசுறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதை மாற்றுவதுதான் மோட். "மழைக்கு எந்த மோட் போடணும்" என்று கேட்பவர்கள் ஒரு வரியில் பதில் எதிர்பார்க்கிறார்கள். ஒரு வரியில் சொன்னால் பாதி இடத்தில் அது தப்பாகப் போய்விடும், அதற்கும் இதே ஏற்றத்தின் மேல்பாதிதான் சாட்சி.

முதலில் இடம். வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு வழியாகப் பெரும்பாறை ஏறி, தடியன்குடிசை தாண்டினால் தாண்டிக்குடி. கீழ்ப்பழனி மலை, கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டரை ஒட்டிய உயரம். சுற்றிலும் அரேபிகா காப்பி, நடுவில் சில்வர் ஓக், அதில் ஏறின மிளகுக் கொடி, அங்கங்கே ஆரஞ்சு, மலைவாழை. இங்கே பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அதாவது ஐப்பசி, கார்த்திகையில். காப்பிப் பழம் பறிப்பும் அதே சமயத்தில் சூடு பிடிக்கும். தோட்டம் என் மனைவி வழிச் சொந்தக்காரருடையது, பட்டா நிலம், கேட்டுக்கொண்டுதான் இறங்கினோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொடைக்கானல் பக்கம் சோலைக்குள்ளேயும் புல்வெளியிலும் வண்டியை விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது காப்புக்காடு, பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயம், அனுமதி இல்லாமல் நுழைந்தாலே குற்றம். அதைவிட முக்கியம், அந்தப் புல்வெளியில் ஒரு சக்கரத் தடம் விழுந்தால் ஆறுவதற்கு வருஷக்கணக்காகும். இந்த ஆய்வில் வருகிற எதையும் அங்கே போய்ச் செய்து பார்க்க வேண்டாம்.

வண்டிகள்

என்னுடையது ஹிமாலயன் 450. 452 சிசி, ஒற்றை சிலிண்டர், 40 பிஎஸ், 5,500 ஆர்பிஎம்மில் 40 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), எடை 196 கிலோ. த்ராட்டிலுக்கு கேபிள் கிடையாது. கை திருகுவதை சென்சார் படித்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது, அது மோட்டார் வைத்து, எஞ்சினுக்குக் காற்று போகிற வால்வைத் திறக்கிறது. எக்கோ, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு மோட், எதில் இருந்தாலும் பின் சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) தனியாக அணைத்துக்கொள்ளலாம். ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் இல்லை, அதனால் சக்கரம் சுற்றினால் சுற்றினதுதான், யாரும் நடுவில் வந்து காப்பாற்ற மாட்டார்கள்.

கூட வந்தவன் என் மச்சினன். அவனுடையது எக்ஸ்பல்ஸ் 200 4வி. 199.6 சிசி, 19 பிஎஸ் சொச்சம், 17 நியூட்டன் மீட்டர் சொச்சம், எடை சுமார் 160 கிலோ. கேபிள் த்ராட்டில். அதில் இருக்கிற மோட் எல்லாம் ஏபிஎஸ்ஸுக்குத்தான், எஞ்சினுக்கு ஒன்றும் கிடையாது.

மூன்று முயற்சி

பாதை இப்படி. கீழே ஓடை. ஓடையைத் தாண்டியதும் பத்து மீட்டர் சமதளம். அப்புறம் ஏற்றம்: முதல் முப்பத்தைந்து மீட்டர் ஈரச் செம்மண், களி கலந்தது, அதன் நடுவில் ஓர் ஐந்து மீட்டருக்கு சில்வர் ஓக் சருகு நனைந்து மெத்தை மாதிரி கிடக்கிறது. பிறகு இடதுபக்கம் ஒரு வளைவு, அங்கே மூச்சு வாங்க ஒரு சின்ன சமதளம். அதற்கு மேல் இருபது மீட்டர், தோட்டக்காரர்கள் ஜீப்புக்காகக் கொட்டின கருங்கல், முஷ்டி அளவு, நடுவே படி மாதிரி ஒரு பாறை விளிம்பு. உச்சியில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் கொட்டகை.

முதல் முறை பெர்ஃபார்மன்ஸ் மோட், முதல் கியர், அடியிலிருந்து நிதானமாகத்தான் எடுத்தேன். சருகு வரைக்கும் வந்தது. சருகின் மேல் பின் சக்கரம் ஏறியதும் எஞ்சின் சத்தம் குபீரென்று மேலே போக, வண்டி அங்கேயே நின்று பின்பக்கம் மட்டும் வலதுபக்கம் நழுவியது. இறங்கிப் பார்த்தால் டயர் சருகை ஒதுக்கி, அடியில் இருந்த களியை வழவழவென்று மெழுகி வைத்திருக்கிறது, விரலால் தொட்டால் சோப்பு மாதிரி.

இரண்டாவது முறை, வேகம் பத்தவில்லை என்று முடிவுகட்டி, கூடுதலாகத் திருகினேன். சருகைத் தாண்டினேன், ஆனால் சுற்றிக்கொண்டேதான் தாண்டினேன், ஆறு மீட்டர் தள்ளி ஒரு சக்கரத் தடத்துக்குள் விழுந்து, அதைத் தோண்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவதற்கு முன்னால் டயர் மேல் பழி போட்டோம். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது, ஏனென்றால் ரோட்டில் வந்த காற்றோடு அப்படியே இறங்கியிருந்தேன், பின்னால் 32 பிஎஸ்ஐ. அதை 20க்கு இறக்கினேன், முன்னால் 18. ட்யூப் உள்ள சக்கரம், அதற்குக் கீழே போனால் கல்லில் இடிக்கும்போது ட்யூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் கடிபட்டு, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். காற்றை இறக்கியது நன்றாகவே தெரிந்தது, வண்டி வளைவு வரைக்கும் வந்துவிட்டது. வளைவில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேர் மாட்டியது. அதுவரை வழுக்கிக்கொண்டிருந்த டயருக்குத் திடீரென்று பிடிப்பு கிடைத்ததும், சேர்ந்து வைத்திருந்த சுழற்சி மொத்தமும் ஒரே தள்ளாக வந்து முன் சக்கரம் தூக்கியது, நான் இடப்பக்கம் விழுந்தேன். கணுக்காலில் லேசான சுளுக்கு, கிளட்ச் லீவர் நுனி வளைந்தது. தப்பு வண்டியில் இல்லை, நான் தேர்ந்தெடுத்ததில்.

அப்போதுதான் மேஸ்திரி அண்ணன் கீழே இருந்து வந்தார். பழைய 100 சிசி வண்டி, ரோட்டு டயர், அதுவும் பாதி தேய்ந்தது. பின்னால் பழச் சாக்கு ஒன்று கட்டியிருந்தார். எங்களைத் தாண்டி முதல் கியரில், நடக்கிற வேகத்தில், எஞ்சின் பொறுபொறுவென்று ஒரே சத்தத்தில் ஏறி, வளைவில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, உங்க வண்டி கத்துது, ஆனா நகர மாட்டேங்குது. கத்தாம நகர்த்துங்க."

ஆறு கிலோ இடைவெளி

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும், அதனால் கல்லில் உட்கார்ந்து போட்டோம். போனில் சாய்வு பார்த்தால் பதினோரு டிகிரிக்குச் சற்று மேல், அதாவது ஐந்தடி போனால் ஓரடி ஏறுகிறது. வண்டி 196, நான், பூட்ஸ், ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து மொத்தம் 280 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்தச் சாய்வில் கீழே இழுக்கிற விசை அதில் ஐந்தில் ஒரு பங்கு, 56 கிலோ. சகதி சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறதே, அதற்கு ஓர் ஆறு கிலோ சேர்த்தால் 62. இவ்வளவு தள்ளினால் வண்டி ஏறும்.

அடுத்தது பிடிப்பு. ஏற்றத்தில் எடை பின்னால் சாயும், பின் சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 170 கிலோ நிற்கும். ஈரக் களியில் டயருக்குப் பிடிப்பு அதில் பத்துக்கு நாலு என்று எடுத்துக்கொள்வோம், தோராயம்தான், அடிக்கு அடி மாறும். 68 கிலோ. அதற்கு மேல் ஒரு கிலோ தள்ளினாலும் சக்கரம் சுற்றும், சுற்ற ஆரம்பித்ததும் களியை மெழுகிவிடும், மெழுகினதும் பிடிப்பு இன்னும் குறையும்.

ஆக 62க்குக் கீழே போனால் வண்டி நிற்கும், 68க்கு மேலே போனால் வழுக்கும். கை நிற்க வேண்டிய இடம் இந்த ஆறு கிலோவுக்குள். என் எஞ்சின் முதல் கியரில் முழுசாகத் தள்ளினால் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். காய்ந்த மண்ணில், பிடிப்பு பத்துக்கு ஆறு இருந்தால், மேல் எல்லை 102 கிலோ, இடைவெளி நாற்பது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். மழை பெய்ததால் ஏற்றம் செங்குத்தாகிவிடவில்லை, இந்த இடைவெளிதான் சுருங்கிப்போனது. அன்றைக்கு நான் செய்த எல்லாத் தப்பும் இதைப் புரிந்துகொள்ளாததால் வந்தவை, சக்தி போதவில்லை என்று நினைத்து இன்னும் இன்னும் கொடுத்தேன்.

மேஸ்திரி அண்ணன் வண்டியும் இதே கணக்கில் அடங்கும். சின்ன எஞ்சின், அதனால் கை கொஞ்சம் ஆடினாலும் விசை பெரிதாக ஆடாது. சாக்கு நேராகப் பின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மொத்த எடை கொஞ்சம் கூடினாலும், அதில் பெரும்பகுதி பிடிப்புக்குப் போய்ச் சேர்கிறது. அவர் இதை இருபது வருஷமாக உடம்பால் தெரிந்து வைத்திருக்கிறார்.

கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில்

இங்கேதான் மோட் வருகிறது. எக்கோவில் போட்டால் சக்தி குறைந்துவிடும், ஏற்றத்தில் போட்டால் திணறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 62 கிலோ போதும் என்கிற இடத்தில் எஞ்சினின் உச்ச சக்தி குறைந்தால் என்ன, கூடினால் என்ன. இங்கே பார்க்க வேண்டியது, கைப்பிடியின் முதல் கால் திருகலில் வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதை மட்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது இழுக்கிற காற்றே கொஞ்சம்தான். அதனால் 2,500 ஆர்பிஎம்மில் வால்வைக் கால்வாசி திறந்தாலே அந்த வேகத்தில் கிடைக்கக்கூடிய டார்க்கில் பெரும்பகுதி வந்துவிடும், மீதி முக்கால்வாசியைத் திருகினாலும் பெரிதாக எதுவும் கூடாது. நாம் ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது கையின் மிகச் சின்ன அசைவுதான் விசையை மிக அதிகமாக மாற்றுகிறது. பெர்ஃபார்மன்ஸ் மோடில் வால்வு சுறுசுறுப்பாகத் திறப்பதால் அந்த ஆறு கிலோ இடைவெளி கைப்பிடியில் ஒரு நூல் அகலத்துக்கு வந்துவிடுகிறது. கல்லும் வேரும் உடம்பைக் குலுக்குகிற இடத்தில் அந்த நூலில் கையை நிறுத்த என்னால் முடியாது. எக்கோவில் அதே ஆறு கிலோ கைப்பிடியில் விரல் அகலத்துக்கு விரிகிறது. குலுக்கினாலும் கை அதற்குள்ளேயே இருக்கும்.

கியரும் இதே வேலையைத்தான் செய்கிறது, சொல்லப்போனால் மோடைவிட முன்னால் செய்கிறது. முதல் கியரில் எஞ்சின் தள்ளலை கியர் பெருக்கித் தருவது அதிகம், இரண்டாவதில் குறைவு, அதனால் கை ஆடினாலும் சக்கரத்தில் விசை அவ்வளவு ஆடாது. மோடே இல்லாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் மோட். மச்சினன் அன்றைக்கு இரண்டாவது கியரில், கிளட்ச் லீவரில் ஒரே விரல் வைத்து, நழுவுகிறது என்று தோன்றும்போதெல்லாம் அந்த விரலை மட்டும் ஒரு சிட்டிகை இழுத்து, இரண்டாவது முயற்சியிலேயே வளைவு வரைக்கும் வந்திருந்தான். நான் அதைப் பார்த்தும் கவனிக்கவில்லை. "சின்ன வண்டி, அதான்" என்று விட்டுவிட்டேன்.

"மச்சான், நீங்க த்ராட்டில்ல பிடிக்கிறீங்க, நான் கிளட்ச்ல பிடிக்கிறேன்" என்று அவன் சொன்னது பாதி சரி. 200 சிசியில் எஞ்சின் தள்ளலே குறைவு என்பதால் த்ராட்டிலை ஓர் இடத்தில் வைத்துவிட்டு கிளட்சை ஆட்டலாம். ஆனால் இதையே நீளமான ஏற்றத்தில் செய்தால் கிளட்ச் தட்டு காயும், தீய்ந்த வாடை வரும், அப்புறம் லீவர் பிடிக்கிற இடம் மாறிப்போகும். அறுபது மீட்டருக்குச் சரி, அறுநூறு மீட்டருக்கு ஆகாது.

மறுபடியும்

இரண்டு மணிக்கு மேல், தூறல் நின்றபின் ஓடைக்கரைக்குத் திரும்பினோம். எக்கோ, முதல் கியர்: சருகு வரை ஒழுங்காக வந்தது, சருகின் மேல் லேசாகச் சுற்றியது, ஆனால் சுற்றுவது காதில் கேட்டதும் கையைத் தளர்த்த நேரம் கிடைத்தது, திரும்பப் பிடித்தது. பாதி கால் ஊன்றி வளைவு வந்து சேர்ந்தேன். அதுவே பெரிய வித்தியாசம்.

அடுத்தது எக்கோ, இரண்டாவது கியர், ஆனால் சருகுக்கு ஒரு தனி ஏற்பாடு. ஏற்றத்தில் வண்டி வருகிற வேகமே கொஞ்ச தூரத்துக்கு எஞ்சின் மாதிரி. மணிக்கு 15 கிலோமீட்டரில் வந்தால், எஞ்சின் எதுவுமே தள்ளாவிட்டாலும் இந்தச் சாய்வில் நாலு மீட்டருக்கு மேல் ஏறும், சகதி அதில் கொஞ்சம் தின்னும். 25இல் வந்தால் பன்னிரண்டு மீட்டர் வரை, ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தூரம் நாலு மடங்காகும். சருகு ஐந்து மீட்டர்தான். அதனால் கீழ்ச் சமதளத்திலேயே வேகம் எடுத்து, சருகுக்கு ஒரு மீட்டர் முன்னால் சுமார் 18இல் இருக்கும்படி வந்து, சருகின் மேல் கையைப் பாதி விட்டு, அது முடிந்ததும் மறுபடி மெல்லக் கொடுப்பது. பிடிப்பு இல்லாத இடத்தில் பிடிப்பைக் கேட்கவே கூடாது, முன்னாலேயே சம்பாதித்த வேகத்தில் கடந்துவிட வேண்டும்.

கால் வைக்கிற ஃபுட் பெக்கில் எழுந்து நின்றேன், இடுப்பைச் சற்றுப் பின்னால் வைத்தேன். பின் சக்கரத்தின் மேல் பத்து கிலோ கூடினால் பிடிப்பு நாலு கிலோ கூடும், ஆறு கிலோ இடைவெளி பத்தாகிவிடும், மோட் செய்கிற வேலைக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை. ஆனால் ரொம்பப் பின்னால் போனால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் சொன்னதைக் கேட்காது, வளைவில் அது ஆபத்து.

கால் ஊன்றாமல் வளைவுக்கு வந்துவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்த்தபோது, டயரில் துருத்தி நிற்கிற பொத்தான்கள் மண்ணில் தனித்தனியாக, அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தன. காலையில் அதே இடத்தில் கோடு கோடாக இழுபட்ட தடம்தான் இருந்தது. மோட் சரியா தப்பா என்று சந்தேகம் வந்தால் நான் இப்போதெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். பொத்தான் அச்சு விழுந்தால் சரி, கோடு விழுந்தால் மோடோ கியரோ கையோ ஏதோ ஒன்று மாற வேண்டும்.

கல்லில் எக்கோ தோற்றது

இத்தோடு எழுதி முடித்திருந்தால் "ஈரம் என்றால் எக்கோ" என்று ஆகிவிடும். வளைவுக்கு மேலே கல் பாதையில் அதே எக்கோ, அதே இரண்டாவது கியர், நல்ல நம்பிக்கையோடு போனேன். பாறை விளிம்பில் முன் சக்கரம் முட்டியதும் வண்டிக்கு ஒரு சின்ன உதை தேவைப்பட்டது, முன்பக்கத்தை லேசாக்கி விளிம்பின் மேல் ஏற்ற. திருகினேன், வரவில்லை, இன்னும் திருகினேன், அதற்குள் எஞ்சின் இருமி அணைந்துவிட்டது. ஏற்றத்தின் நடுவில், கல்லின் மேல், 196 கிலோவைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவர்களுக்குத் தெரியும். மச்சினன் ஓடிவந்து பின்னால் முட்டுக் கொடுத்தான்.

யோசித்தால் காரணம் நேரானது. கல்லில் நனைந்தாலும் பிடிப்பு களியைவிட எவ்வளவோ அதிகம், இடைவெளி பெரிது. அங்கே ஆபத்து அதிகமாகத் தள்ளுவதில் இல்லை, தேவைப்படும் நேரத்தில் தள்ளல் வராமல் போவதில்தான். மெதுவாகத் திறக்கிற மோடில் நாம் பொறுமை இழந்து கூடுதலாகத் திருகுவோம், தள்ளல் கேட்ட நேரத்துக்கு வராமல் கால் நொடி தாமதித்து, தேவைக்கு மேல் வந்து நிற்கும். அந்தக் கால் நொடிக்குள் சக்கரம் வேறொரு கல்லின் மேல் இருக்கும்.

வளைவுச் சமதளத்துக்கு இறக்கி, நின்று, பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, முதல் கியர், கிளட்சில் ஒரு விரல். விளிம்புக்கு ஓரடி முன்னால் ஒரே ஒரு குறுகிய திருகல், முன் சக்கரம் ஏறியதும் கையை விட்டு, பின் சக்கரம் வந்து முட்டும்போது மறுபடி கொஞ்சம். முதல் முயற்சியிலேயே பல்பர் கொட்டகை.

அறுபது மீட்டரில் இரண்டு மோட். மாற்றியது சமதளத்தில் நின்று. ஏறிக்கொண்டிருக்கும்போது மோட் மாற்றும் பொத்தானைத் தேடக் கூடாது, கண் பாதையை விட்டு எடுக்கிற அந்தக் கணத்தில்தான் விழுவோம். அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி எந்த மோடில் எழுகிறது, ஏபிஎஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதை டேஷில் ஒரு முறை பார்த்துவிட்டே கிளட்சை விட வேண்டும்.

இறக்கம்

திரும்பி இறங்குவதில் மோட் பெரிய விஷயமே இல்லை, கியர்தான். முதல் கியரில் கையை முழுசாக விட்டால் எஞ்சின் பிடிப்பே பின் சக்கரத்தைக் களியில் இழுத்துவிடும், பிரேக் போடாமலே சறுக்கும். இரண்டாவதில் போட்டு, எஞ்சின் பாதி பிடிக்க, பின் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தோம். பின் ஏபிஎஸ்ஸை அணைத்திருந்தேன். உதிரி மண்ணிலும் சல்லியிலும் ஏபிஎஸ் சக்கரத்தை விட்டு விட்டுப் பிடிப்பதால் நிற்கிற தூரம் நீளும்; பூட்டின சக்கரம் மண்ணை முன்னால் குவித்துக்கொண்டு சீக்கிரம் நிற்கும். முன்பக்க ஏபிஎஸ் இருக்கட்டும், முன் சக்கரம் பூட்டினால் யோசிக்க நேரம் கிடைக்காது. தார் ரோடு ஏறியதும் பின் ஏபிஎஸ்ஸைப் போட்டுக்கொள்ள மறக்க வேண்டாம், பெரும்பாறை இறக்கத்துக் கொண்டை ஊசிகளில் பனி இறங்கும்போது அது வேண்டும்.

உயரமும் மற்ற வண்டிகளும்

இதே பாடத்தைப் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் எடுத்துப் போனால் ஒரு திருத்தம் தேவை. ஆயிரம் மீட்டருக்கு எஞ்சின் சக்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், காற்று மெலிவதால். தாண்டிக்குடியில் என் வண்டி ஏற்கெனவே எட்டில் ஒரு பங்கை இழந்துதான் ஓடுகிறது, கொடைக்கானல் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலைச் சரிசெய்துகொள்ளும், காற்றை உண்டாக்காது. பெரிய எஞ்சினுக்கு ஈர மண்ணில் இது நல்லதுதான், வண்டி தானாகவே கொஞ்சம் சாதுவாகிவிடும். 200 சிசிக்கு அப்படியில்லை. மச்சினன் மேலே போனால் இரண்டாவது கியரில் திணறி முதலுக்கு இறங்க வேண்டியிருக்கும், அதனால் செயினை இழுக்கிற முன் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல் குறைத்துப் போடலாமா என்று யோசிக்கிறான். 13ஐ 12 ஆக்கினால் சக்கரத்தில் தள்ளல் எட்டு சதவீதம் கூடும், ரோட்டில் அதே வேகத்துக்கு எஞ்சின் அந்த அளவு கூடுதலாகச் சுற்றும். மலையிலேயே இருப்பவனுக்கு அது லாபம், திண்டுக்கல் போய் வருகிறவனுக்கு இல்லை.

முழுக்க மண்ணுக்கென்றே செய்த வண்டிகளிலும் விஷயம் இதுதான், திருப்புகிற இடம் மட்டும் வேறு. சில வருஷம் முன்பு வரை வந்த கவாசாகி கேஎக்ஸில் ஒயரில் சொருகுகிற சின்னக் கப்ளரை மாற்றினால் எஞ்சின் மேப், அதாவது எஞ்சின் பதில் சொல்கிற விதம், மாறும். அதே காலத்துக் கேடிஎம் இரண்டு ஸ்ட்ரோக் எண்டூரோக்களில், புகை வெளியேறும் வழியைத் திறந்து மூடுகிற பவர் வால்வுக்கு மூன்று ஸ்பிரிங், மஞ்சள் சாதாரணம், சிவப்பு வெடுக்கென்று, பச்சை சாதுவாக. நம் ஊர் ஈர மலைக்கு பச்சை. கேபிள் த்ராட்டில் வண்டிகளில் கைப்பிடியில் கேபிள் சுற்றிக்கொள்கிற சின்னச் சக்கரத்தை இன்னும் சிறியதாக மாற்றினால், அதே வால்வைத் திறக்க கை இன்னும் அதிகம் திருக வேண்டும், விரல் அகலம் அங்கேயும் கிடைத்துவிடும்.

பாதைக்கு என்ன ஆயிற்று

நான்கு மணிக்குப் பழம் பறித்த பெண்கள் சாக்கைத் தலையில் வைத்து அதே ஏற்றத்தில் வந்தார்கள். காலையில் நான் மெழுகி வைத்த இடத்தில் முன்னால் வந்த அக்காவின் கால் வழுக்கியது, பின்னால் வந்தவர் பிடித்துக்கொண்டார், விழவில்லை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தப் பாதை அவர்களுடைய வேலை நடக்கிற இடம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிறார்கள்.

மேஸ்திரி அண்ணன் கோபப்படவில்லை. இரண்டாவது முயற்சியில் நான் தோண்டின பள்ளத்தைக் காட்டி, "இன்னைக்கு ராத்திரி மழை பெஞ்சா தண்ணி இதுலதான் ஓடும் தம்பி, வாய்க்காலாயிரும், வர்ற வாரம் ஜீப் ஏறாது" என்றார். சக்கரம் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டியிருந்தது. நாங்கள் மண்வெட்டி வாங்கி, பள்ளத்தில் கல்லை அடுக்கி மண் போட்டு மிதித்து, அவர் காட்டின இடத்தில் குறுக்கே ஒரு சின்ன மடை வெட்டி, தண்ணீர் செடிப்பக்கம் திரும்புகிற மாதிரி செய்தோம். மெழுகின இடத்தில் வெட்டின கிளைகளையும் காய்ந்த சருகையும் போட்டோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. மோட் தேர்வை நான் வண்டி ஏறுமா ஏறாதா என்ற கேள்வியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தான் அச்சோடு ஏறிய மத்தியானத் தடத்தில் சரிசெய்ய எதுவுமே இல்லை.

தை மாதம் மறுபடி போனேன். மண் காய்ந்து, பாதை கெட்டியாக இருந்தது. பெர்ஃபார்மன்ஸ், இரண்டாவது கியர், உட்கார்ந்தபடியே வளைவு வரை ஏறிவிட்டேன். கல் அடுக்கின இடம் அப்படியே உட்கார்ந்திருந்தது, மடையின் வாயில் மட்டும் மணல் சேர்ந்து பாதி மூடியிருந்தது. வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, கொட்டகையில் மண்வெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன்.